ஒலி வரும் வழி

மக்கள் அறிவு பெறுதற்கு வாயில்களாக அமைந்தவை ஐம்பொறிகள். அவற்றுள்ளும் மொழிக் கல்விக்கு முதல் வாயிலாக விளங்குவது செவியே ஆகும். குழந்தை எழுத்தைக் காண்பதற்கு முன்னரே சொல்லைக் கேட்கின்றது, கேட்டதனைப் பேசுகின்றது, பேசியதனைப் பின்னர் எழுதுகின்றது. ஆதலின், கேட்பதிற் பிழை நேர்ந்தால் பேச்சிலும் எழுத்திலும் அப்பிழை தொடர்ந்து வரும். நம் முன்னோர் கேள்வியை ஒரு செல்வமாகப் போற்றியது இக்காரணம் பற்றியே போலும்.

இக்காலத்து மாணவர் ஆசிரியரின் வாய்மொழியை மட்டுமன்றிக் கணினியின் வாயிலாக வரும் ஒலியையும் கேட்டுக் கற்கின்றனர். செய்யுளை ஓசை நயத்தோடு படிப்பதைக் கேட்டல், பிறமொழிச் சொற்களின் ஒலிப்பைப் பயிலுதல், தம் குரலைப் பதிந்து கேட்டுத் திருத்திக்கொள்ளுதல் ஆகியவை கணினிக்கூடங்களில் நடைபெறுகின்றன. அக்கூடங்களுக்கு ஏற்ற ஒலிக்கருவிகளைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம்? கடைக்குச் சென்று விலை மிகுந்த ஒன்றை வாங்கிவிட்டால் போதாதோ? போதாது என்பதனை யான் பட்டறிந்தேன். அதனை ஈண்டுக் கூறுவேன்.

பள்ளிகள், அலுவலகங்கள் பலவற்றில் ஒவ்வோர் இருக்கையிலும் முழுக்கணினி வைப்பதில்லை. ஓர் அறையில் ஆற்றல் மிக்க தலைமைக் கணினி ஒன்று இருக்கும். அதனைச் 'சர்வர்' என்பர். இருக்கைதோறும் ஒரு நூலின் அளவே உள்ள சிறு பெட்டியும், திரையும், விசைப்பலகையும் இருக்கும். மாணவர் அழுத்தும் விசையின் குறி கம்பி வழியே தலைமைக் கணினிக்குச் செல்லும். வேலை முழுவதும் அங்கேயே நடைபெறும். திரையில் தோன்ற வேண்டிய காட்சி மட்டும் திரும்பி வரும். இச்சிறு பெட்டிக்குத் 'தின் கிளையண்ட்' என்பது ஆங்கிலப் பெயர். நாம் இதனை மென்முனையம் என்று வழங்குவோம். இதனால் மின்செலவு குறையும். பழுதுபார்க்கும் வேலையும் குறையும். முப்பது கணினிகளில் தனித்தனியே செய்யவேண்டிய மாற்றத்தை ஓரிடத்திலேயே செய்து முடிக்கலாம்.

திருமண வீட்டை நினைத்துப் பாருங்கள். அடுக்களை ஒன்றே, பந்தியில் இடும் இலைகளோ பல. இலைக்கு முன்னர் அடுப்பு இல்லை. ஆயினும் சோறு சூடு ஆறாமல் இலைக்கு வந்து சேரவேண்டும். சமையல் எவ்வளவு சிறந்ததாயினும், பரிமாறுவோர் தாமதித்தால் விருந்து கெடும். மென்முனையத்தின் இயல்பும் இத்தகையதே. காட்சியைப் பரிமாறுவதிற் சிறிது தாமதம் நேர்ந்தால் கண் அதனைப் பொறுத்துக்கொள்ளும். ஏனெனின், படம் திரையில் நிலைத்து நிற்கின்றது. ஒலியோ பிறந்த கணமே மறைகின்றது. இடையில் ஒரு துளி சிந்தினாலும் அதனை மீண்டும் எடுத்து ஒட்டவைத்தல் இயலாது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், யான் பணியினின்றும் ஓய்வு பெற்றிருந்த காலத்தில், ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் என்னை அழைத்தார். முப்பது மென்முனையங்கள் கொண்ட கூடம் ஒன்று அங்கு அமைந்திருந்தது. தமிழ் ஒலிப்புப் பயிற்சிக்கென யான் நூறு சொற்களைப் படித்துப் பதிவு செய்து கொடுத்தேன். மாணவர் முப்பதின்மரும் ஒரே நேரத்தில் அவற்றைக் கேட்டு எழுதினர். தாள்களைத் திருத்தியபோது என் உள்ளம் வருந்தியது. 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்றும், 'படு' என்பதைப் 'பட்டு' என்றும் பலர் எழுதியிருந்தனர். இக்காலத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தொலி வேறுபாடு தெரியவில்லை என்று தலைமையாசிரியரிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

அவர்களுள் பார்வையற்ற மாணவி ஒருத்தியும் இருந்தாள். திரையில் உள்ளதனை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் ஒன்றன் துணைகொண்டு அவள் கணினியைப் பயன்படுத்தினாள். அவள் எழுதியதில் ஓரெழுத்து வரவேண்டிய இடத்தில் ஈரெழுத்து வந்திருந்தது. நேரமும் பிறரினும் இருமடங்கு ஆயிற்று. "இப்பெண் சற்று மந்தமானவள் போலும்" என்று கூறிவிட்டேன். பின்னர் வாயிலில் நின்றுகொண்டிருந்த அவளிடம் அதே சொற்களுள் இருபதினை யானே நேரிற் சொல்லி, திருப்பிச் சொல்லப் பணித்தேன். ஒரு பிழையுமின்றிச் சொன்னாள். அப்பொழுதுதான் எனக்கு ஐயம் பிறந்தது. குறை செவியில் இல்லையாயின், ஒலி வரும் வழியிலே இருத்தல் வேண்டும் அன்றோ?

தலையில் அணியும் ஒலிக்கருவி மலிவானது என்று கருதிய பள்ளியார், விலை மிகுந்தவற்றை வாங்கி மாட்டினர். பிழைகள் முன்போலவே இருந்தன. இதன் காரணத்தை அறிய வேண்டுமாயின், ஒலி எவ்வாறு கணினியிற் பயணம் செய்கின்றது என்பதனை முதலில் அறிதல் வேண்டும்.

ஒலி என்பது காற்றில் எழும் அதிர்வு. கணினி அவ்வதிர்வை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக மாற்றுகின்றது. 1982 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 முறை அளக்கும் முறை கையாளப்பெற்றது. ஒவ்வோர் அளவும் 16 பிட் கொண்டது. இரு செவிக்கும் தனித்தனியே கணக்கிட்டால் நொடிக்கு 14,11,200 பிட் ஆகின்றன. தொலைபேசியின் எண்முறையோ நொடிக்கு 8,000 முறை, 8 பிட் வீதம் அளந்து, 64,000 பிட் அளவில் அமைந்துவிடுகின்றது. அதனால் ஏறத்தாழ 3,400 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலிகள் அதில் வருவதில்லை. ஆங்கிலத்தின் 'எஸ்', 'எஃப்' என்னும் இரண்டும் தொலைபேசியில் மயங்கிக் கேட்பது இதனாலேயே ஆகும்.

முப்பது மாணவர்க்கும் குறுந்தகட்டின் அளவில் ஒலியைச் சுருக்காமல் அனுப்பினால், நொடிக்கு 4,23,36,000 பிட் வேண்டும். நொடிக்குப் பத்துக்கோடி பிட் செல்லத்தக்க கம்பியில் ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேல் ஒலிக்கே சென்றுவிடும். முப்பது திரைகளின் காட்சிகளும் அதே கம்பியில் வரவேண்டுமே! ஆகவே ஒலியைச் சுருக்கி அனுப்பி, செவிக்கு அருகில் விரித்துக்கொள்ளும் முறைகள் தோன்றின. 2012 ஆம் ஆண்டு பொதுநெறியாக ஏற்கப்பெற்ற 'ஓபஸ்' என்னும் முறை, நொடிக்கு 6,000 பிட் முதல் 5,10,000 பிட் வரை வேண்டிய அளவிற் சுருக்கவல்லது.

இனி, மென்முனையத்தில் ஒலி வரும் வழிகள் இரண்டு. முதலாவது வழியில், தலைமைக் கணினி ஒலியைச் சுருக்கி அனுப்புகின்றது; மென்முனையம் அதனை விரித்துத் தன்னிடம் உள்ள ஒலியுறுப்பின் வாயிலாகச் செவிக்கருவிக்குத் தருகின்றது. இரண்டாவது வழியில், மென்முனையத்தில் மாட்டிய யூஎஸ்பி செவிக்கருவியானது, தலைமைக் கணினியிலேயே மாட்டப்பட்டது போலக் காட்டப்படுகின்றது. அப்பொழுது செவிக்கருவிக்குரிய எண்கள் யாவும் சுருக்கப்படாமல், இம்மியும் காலம் தவறாமல், கம்பி வழியே வந்துகொண்டிருத்தல் வேண்டும். இரு முழம் நீளமுள்ள கம்பிக்கென வகுத்த ஒழுங்கை, பலர் பயன்படுத்தும் பொதுவழியிற் காக்க முயல்வது இது. நெரிசல் மிகும்போது ஒலி அறுபடும்.

அப்பள்ளியில் நேர்ந்தது இதுவே. இளம் பொறியாளர் ஒருவர் வந்து ஆராய்ந்து, செவிக்கருவிகள் யாவும் இரண்டாவது வழியில் இணைக்கப்பட்டிருத்தலைக் கண்டார். ஒருவர் மட்டும் கேட்டபோது குறை தெரியவில்லை. முப்பதின்மர் ஒருங்கே கேட்டபோது ஒலி இடையிடையே அறுந்தது. கருவியின் விலை உயர்ந்தும் பயன் உயராமைக்குக் காரணம் இதுவேயாகும்.

அறுபட்ட ஒலி 'படு' என்பதனைப் 'பட்டு' ஆக்கியது எவ்வாறு? 'பட்டு' என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள். நடுவில் நா மேலண்ணத்தைத் தொட்டு நிற்கும் சிறுபொழுதில் ஒலியே எழுவதில்லை. வல்லின மெய் இரட்டிக்கும் இடத்தில் நம் செவி அறிவது ஒரு சிறு மௌனத்தையே. கண்ணிமைக்கும் பொழுதையும் கைந்நொடிக்கும் பொழுதையும் மாத்திரை என்று வகுத்து, மெய்க்கு அரை மாத்திரை கொடுத்தனர் நம் இலக்கண ஆசிரியர். கம்பியில் வரும் ஒலியோ நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு போன்ற சிறு சிறு பொதிகளாக வருகின்றது. பொதிகள் சில தவறினால் அரை மாத்திரை அளவுள்ள பொய் மௌனம் சொல்லின் நடுவே புகுந்துவிடும். செவி அதனை மெய்யெழுத்தென மயங்கும். மாணவர் தாம் கேட்டதனைப் பிழையின்றி எழுதினர். யானோ அவர்மேற் பழி சுமத்தினேன்.

அறுபடாமற் காக்க, வரும் ஒலியைச் சிறிது சேர்த்துவைத்துப் பின்னர் ஒலிக்கச் செய்வர். வீட்டுக் குழாயில் நீர் விட்டுவிட்டு வந்தாலும், தொட்டியில் நிரப்பிவைத்துக்கொண்டால் தடையின்றிப் பெறலாமன்றோ? அதுபோன்றது இம்முறை. தொட்டி பெரிதாயின் ஒலி அறாது. ஆனால் தாமதம் மிகும். தொட்டி சிறிதாயின் தாமதம் குறையும்; ஆனால் ஒலி அறுபடக்கூடும். பாடத்தைக் கேட்டல் ஒன்றே நோக்கமாயின் அரை நொடித் தாமதத்தால் தீங்கில்லை. இருவர் உரையாடுவதாயின், ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி நொடிக்குள் அடங்குதல் நன்று என்பது உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கூறும் நெறி. தம் குரலே ஏறத்தாழ 200 மில்லி நொடி பிந்தித் தம் செவியில் விழுமாயின், நாவன்மை மிக்கோரும் தடுமாறித் திக்குவர். ஆகையால் பேச்சுப் பயிற்சியில் மாணவர் குரலைத் தலைமைக் கணினிக்கு அனுப்பி உடனே திருப்பிக் கேட்பித்தல் கூடாது. பதிந்து முடித்த பின்னரே கேட்பிக்க வேண்டும்.

பார்வையற்ற அம்மாணவியின் நிலையை இப்பொழுது உணரலாம். பிறர்க்குத் திரை எதுவோ, அவளுக்கு ஒலி அது. அவள் விசையை அழுத்தினாள். அதன் குறி தலைமைக் கணினிக்குச் சென்று, எழுத்தாகி, குரலாகி, திரும்பிவர நேரம் பிடித்தது. குரல் வாராமையால், எழுத்து விழவில்லை என்று கருதி மீண்டும் அழுத்தினாள். அதனாலேயே ஓரெழுத்து ஈரெழுத்து ஆயிற்று.

பழங்காலத்து முனையங்கள் இவ்விடத்தில் நமக்கு ஒரு பாடம் புகட்டுகின்றன. 1963 ஆம் ஆண்டு வகுக்கப்பெற்ற 'ஆஸ்கி' என்னும் எழுத்தெண் முறையில், 7 என்னும் எண் மணியடித்தற்கு உரியது. தொலைவிலுள்ள கணினி அவ்வெண்ணை மட்டும் அனுப்பும். தட்டச்சுப்பொறி போன்ற முனையம் தன்னிடமுள்ள மணியை அடிக்கும். ஒலி கம்பியில் வரவில்லை, கட்டளையே வந்தது. ஒலி கேட்பவரின் அருகிற் பிறந்தது. இன்றும் திரைபடிக்கும் மென்பொருள்களுள் சில, படிக்க வேண்டிய சொல்லை எழுத்தாகவே அனுப்பி, முனையத்தின் பக்கத்திலேயே குரலாக மாற்றும் முறையைக் கையாளுகின்றன. தாமதம் குறைதற்கு இது நல்ல வழியாகும்.

வழியைச் செம்மைப்படுத்திய பின்னரே கருவியைத் தேர்தல் வேண்டும். முதற்கண் நோக்கத்தக்கது, மென்முனையத்தில் எத்தகைய துளைகள் உள்ளன என்பது. 'ராஸ்பெரி பை' என்னும் சிறுகணினியை மென்முனையமாகப் பயன்படுத்துவோர் உளர். 2012 இல் வெளிவந்த அதன் முதற்படிவத்தில் ஒலி கேட்டற்குரிய 3.5 மில்லிமீட்டர் துளை இருந்தது. ஒலிவாங்கிக்கு உரிய துளை இல்லை. 2020 இல் வந்த 400 என்னும் படிவத்திலும், 2023 இல் வந்த ஐந்தாம் படிவத்திலும் கேட்டற்குரிய அத்துளையும் இல்லை. இதனை நோக்காது முப்பது செவிக்கருவிகளை வாங்கினால், மாட்ட இடமின்றி அவை பெட்டியிலேயே கிடக்கும்.

துளை இருப்பினும் செருகியை நோக்குதல் வேண்டும். செருகியில் இரண்டு கருவளையங்கள் இருந்தால் அது பெரும்பாலும் கேட்டற்கு மட்டும் உரியது. மூன்று வளையங்கள் இருந்தால் ஒலிவாங்கிக்கும் வழி உண்டு. அவ்வகையிலும் ஒலிவாங்கியின் இணைப்பிடம் மாறுபட்ட இருவகை அமைப்புகள் உள்ளன. ஒன்றற்குரியதை மற்றொன்றிற் செருகினால் குரல் பதிவாகாது. திரைக்குச் செல்லும் எச்டிஎம்ஐ கம்பியும் ஒலியைச் சுமப்பதே. திரையில் ஒலிபெருக்கி இல்லாதிருக்க, கணினி அவ்வழியே ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தால், செவிக்கருவி ஊமையாகவே இருக்கும். பழுது என்று கருதித் திருப்பித் தருவதற்கு முன்னர் இதனைச் சோதித்தல் நன்று.

கம்பியில்லாப் புளூடூத் கருவிகள் அழகுடையனவேனும் கூடத்திற்கு ஏற்றனவல்ல. அவற்றின் தாமதம், முன்னரே உள்ள தாமதத்தோடு கூடும். ஒலிவாங்கியை இயக்கியவுடன் கேட்கும் ஒலியின் தரம் குறைந்துவிடுவதும் அவற்றுட் பலவற்றின் இயல்பு. முப்பதனுக்கும் நாள்தோறும் மின்னேற்றுதல் வேறு ஒரு சுமை. ஒலிபெருக்கிகளோ ஓரறையில் ஒன்றன் ஒலி மற்றொன்றோடு கலந்து இரைச்சலாகும். அவ்வொலியே ஒலிவாங்கியிற் புகுந்து எதிரொலியும் செய்யும்.

எனவே, பொதுவாக ஏற்றது கம்பியுள்ள யூஎஸ்பி செவிக்கருவி. அஃது யூஎஸ்பி ஒலிக்கருவிகளுக்கென வகுத்த பொதுநெறிக்கு ஒத்ததாயின், தனி மென்பொருள் நிறுவாமலே பெரும்பாலான மென்முனையங்கள் அதனை ஏற்கும். அதனை மென்முனையத்தின் சொந்த ஒலியுறுப்பாகவே இயக்கி, முதலிற் கூறிய வழியில் ஒலியைப் பெறுதல் வேண்டும். செவியை முழுதும் மூடும் மெத்தையும், வாயருகே நிற்கும் ஒலிவாங்கித் தண்டும், துடைத்துத் தூய்மை செய்யத்தக்க உறையும் உடையது சிறந்தது. உறையும் கம்பியும் தனியே கிடைக்குமா என்று கேட்டறிக. பலர் கையாளும் கருவியில் முதலில் தேய்வன அவையே.

ஒலியின் அளவிற்கும் எல்லை உண்டு. வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதாயின், பெரியோர்க்கு 80 டெசிபெல்லும் சிறுவர்க்கு 75 டெசிபெல்லும் மேல்வரம்பு என்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகின்றது. இரைச்சலை மீறிக் கேட்பதற்காக ஒலியைக் கூட்டுவதே கேட்டிற்கு வழி. செவியை நன்கு மூடும் கருவியாயின் குறைந்த ஒலியே போதும்.

இவையனைத்தையும் ஆராய்ந்த பின்னரும், முப்பதையும் ஒருங்கே வாங்கிவிடற்க. இரண்டு வாங்கி மாட்டுக. முப்பது இருக்கைகளிலும் மாணவரை அமர்த்தி, எல்லாரும் வேலை செய்துகொண்டிருக்கும் பொழுதே சோதிக்க. வலி, வளி, வழி, அரை, அறை, மனம், மணம், படு, பட்டு, குடி, குட்டி என ஒலியால் நெருங்கிய சொற்களை முன்பின்னாக மாற்றிப் பதிந்து ஒலிக்கச் செய்து, எழுதப் பணிக்க. அதே சொற்களை ஆசிரியர் நேரிற் சொல்லியும் எழுதச் செய்க. இருமுறையும் பிழை ஒத்திருந்தால் மாணவர்க்குப் பயிற்சி வேண்டும். நேரிற் குறைந்தும் கருவியில் மிகுந்தும் இருந்தால் கருவிக்கோ வழிக்கோ திருத்தம் வேண்டும்.

அப்பள்ளியில் வழி திருத்தப்பட்டது. முன்னர் வாங்கிய மலிவான கருவிகளையே மாட்டி, அதே நூறு சொற்களை மீண்டும் எழுதச் செய்தோம். பிழைகள் பெரிதும் குறைந்தன. பார்வையற்ற மாணவிக்கு மட்டும் தனித்தியங்கும் முழுக்கணினி ஒன்று கொடுக்கப்பட்டது. ஏனெனின், அவள் தேவைக்கு அங்கிருந்த மென்முனையம் பொருந்தவில்லை. அன்று அவள் பிறர்க்கு முன்னரே எழுதி முடித்தாள். யான் அவளிடம் சென்று, முன்பு பிழைபடக் கூறியதற்கு வருந்துவதாகச் சொன்னேன். "ஐயா, எனக்குக் காது நன்றாகக் கேட்கும், கணினிதான் மெதுவாகப் பேசிற்று" என்று சிரித்துக்கொண்டே கூறினாள்.

மாணவர்களே! நீங்கள் நாளை ஆசிரியராகலாம், பொறியாளராகலாம், அலுவலகத்திற்குக் கருவி வாங்கும் பொறுப்பிலும் அமரலாம். அப்பொழுது விலைப்பட்டியலை மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். ஒலி எங்கே பிறக்கின்றது, எவ்வழியே வருகின்றது, யார் செவிக்குச் செல்கின்றது என்னும் மூன்றனையும் கேளுங்கள். ஒருவர் பிழைபடக் கேட்டார் என்று முடிவு செய்யுமுன், அவரிடம் ஒலி பிழையின்றிச் சென்று சேர்ந்ததா என்பதனை ஆராயுங்கள். அவ்வாராய்ச்சியைச் செய்யாமற்போனதனால், நன்கு கேட்கும் ஒரு பெண்ணை யான் மந்தமானவள் என்று சொல்ல நேர்ந்தது.